அரசாங்கம் பேஸ்புக்கை நிப்பாட்டும். பேஸ்புக் அரசாங்கத்தை நிப்பாட்டேலுமோ?

கொக்குவில் ரீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரப் பிள்ளைகளுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறன். போன கிழமை இறைமை பற்றின பாடம். நாட்டுக்குள்ள அரசுக்கு மேல வேறொரு அதிகாரம் இல்லை எண்ட வழமையான வசனத்தைச் சொல்லிக்கொண்டு போக, பின் வாங்கில இருந்த பெடியன் ஒருத்தன் எழும்பினான். “ரீச்சர், அரசாங்கம் பேஸ்புக்கை நிப்பாட்டும், நாங்கள் கண்டனாங்கள். பேஸ்புக் அரசாங்கத்தை நிப்பாட்டேலுமோ?” வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நான் அடுத்த பாடத்தில சொல்லுறன் எண்டு சமாளிச்சுப்போட்டு வந்திட்டன்.

என்ர பழைய நோட்ஸில பல்தேசியக் கொம்பனிகள் எண்டு ஒரு பந்தி கிடக்கு. அதில எண்ணெயும் தேயிலையும்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல கூகிளுக்கு 434 கோடி யூரோ தண்டம் போட்டது எண்டு சொன்னால் பிள்ளையள் “அவ்வளவு காசோ” எண்டு வாயைப் பிளப்பினம், அதோட சரி. எங்கட ஊரில, எங்கட சனம் இருக்கிற இடங்களில நடந்த விசயமா ஆரும் சொல்லுவியளோ? கட்டுரை வேண்டாம், நடந்தது வேணும்.

ஸ்காபரோ மச்சான்:

ரீச்சர், நிப்பாட்டேலும். இஞ்ச கனடாவில நடந்ததைச் சொல்லுறன்.

2023 யூனில இஞ்ச ஒரு சட்டம் வந்தது. செய்தி இணைப்புகளைக் காட்டிக் காசு பாக்கிற பெரிய கொம்பனியள், செய்தி எழுதிற ஊடகங்களுக்கும் ஒரு பங்கு குடுக்கவேணும் எண்டது. பேஸ்புக்கின்ர தாய்க் கொம்பனி மெற்றாக்காரர் என்ன செய்தவை? “அப்பிடியெண்டால் எங்களுக்குச் செய்தியே வேண்டாம்” எண்டுபோட்டு, ஓகஸ்ட் 1 இல இருந்து கனடா முழுக்க பேஸ்புக்கிலயும் இன்ஸ்ரகிராமிலயும் செய்தியை எடுத்துப்போட்டினம். கனடாச் செய்தி மட்டுமில்லை, வெளிநாட்டு ஊடகங்களின்ர செய்தியும்தான். அந்த மாசம் பிரிட்டிஷ் கொலம்பியாவில காடு எரிஞ்சது, வடக்கில யெலோநைஃப் நகரத்தையே காலி பண்ணினவை. பிரதமர் ட்ரூடோ பகிரங்கமாத் திட்டினார். திறக்கேல்லை. கூகிள் வேற மாதிரி: வருசம் 10 கோடி கனடா டொலர் தாறம் எண்டு பேசி முடிச்சிட்டினம்.

இதில எங்கட பக்கத்துக் கதை என்னெண்டால், யாழ்ப்பாணத்துப் பத்திரிகையளின்ர பேஸ்புக் பக்கமும் கனடாவில அந்தக் கணக்குக்குள்ளதான் வரும். ஊரில ஆரும் மோசம் போனால் மரண அறிவித்தலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப்பில அனுப்புகினம். வட்ஸ்அப்பும் அதே கொம்பனி எண்டது வேற விசயம்.

இன்னொண்டு. பெரிய தொழில்நுட்பக் கொம்பனியளின்ர வருமானத்தில 3 வீதம் எண்டு ஒரு டிஜிட்டல் சேவை வரி இருந்தது. முதல் கட்டணம் கட்டவேண்டிய நாள் 2025 யூன் 30. அதுக்கு மூண்டு நாள் முன்னம் ட்ரம்ப் வர்த்தகப் பேச்சை முறிக்கிறன் எண்டார். யூன் 29 இரவு கனடா அரசாங்கம் வரியைக் கைவிட்டுட்டுது. ஜி7 நாடு ரீச்சர், ஜி7.

பழைய லைன்மன்:

ரீச்சர், அந்தப் பெடியனை அடுத்த பாடத்தில முன் வாங்குக்குக் கூப்பிட்டு இருத்துங்கோ.

மச்சான் சொன்னது சரி. ஆனால் அதைக் கேட்டிட்டு, கொம்பனிதான் பெரிசு, அரசாங்கம் சின்னன் எண்டு பிள்ளையள் எழுதிவிடுவினம். எங்கட நாட்டில அது அப்பிடி நேராப் போகாது. நான் தொலைபேசிக் கந்தோரில லைன் வேலை பாத்து ஓய்வெடுத்தவன். அதால வயரில இருந்துதான் எனக்குக் கதை தொடங்கும், குறை நினையாதேங்கோ.

எக்ஸ்சேஞ்சுக்குள்ள ஆளுயரத்துக்கும் மேலால ஒரு நீட்டு இரும்புச் சட்டம் நிக்கும், எம்.டி.எஃப் எண்டுவம். ஊரில இருக்கிற அத்தனை வீட்டு வயரும் ஒரு பக்கத்தால வந்து ஏறும், மற்றப் பக்கத்தால மெஷினுக்குப் போகும். இடையில வீட்டுக்கொரு சின்னப் பியூஸ். காசு கட்டாதவையின்ர லிஸ்ட் வந்தால், நம்பரைத் தேடிப் பிடிச்சு ரெண்டு விரலால இழுக்கிறதுதான் வேலை. கையில தூசு ஒட்டும், அவ்வளவுதான். அங்க வீட்டுக்காரன் றிசீவரைத் தூக்கினால் சத்தமே இராது. லிஸ்ட் போட்டவன் ஆர், ஏன் போட்டவன் எண்டது அவனுக்குத் தெரியவும் வராது.

இனி 2018 மார்ச்சுக்கு வாங்கோ. கண்டிப் பக்கம் திகனயில முஸ்லிம் சனத்தின்ர கடையளையும் வீடுகளையும் எரிச்சாங்கள். 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்ரகிராம் எல்லாத்தையும் பூட்டினது. கலவரம் கண்டியில, பூட்டு பருத்தித்துறை வரைக்கும். அப்ப எங்கட வீடுகளில வெளிநாட்டுக் கோல் எண்டால் வைபர்தான். பின்னேரம் அஞ்சு ஆறு மணிக்குத்தான் கனடாவில விடியும், பிள்ளை வேலைக்கு வெளிக்கிட முன்னம் ஒருக்கால் முகத்தைப் பாப்பம் எண்டு போனைக் கையில வைச்சுக்கொண்டு விறாந்தையில இருக்கிற தாய்மார் எத்தினை பேர். திகன எந்தப் பக்கம் எண்டும் அந்த மனிசியளுக்குத் தெரியாது.

பூட்டினதுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சிங்களத்தில, குழந்தையளையும் விடாமல் முஸ்லிம்களைக் கொல்லச் சொல்லிப் பதிவு போட்டிருந்தாங்கள். அதை முறைப்பாடு செய்த ஆக்களுக்கு, இது எங்கட விதியளை மீறேல்லை எண்டு பேஸ்புக்கில இருந்து பதில் வந்தது. அங்க சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச ஆக்கள் போதாது. கொழும்பில இருக்கிற சிவில் அமைப்புகள் அடுத்த மாசமே பேஸ்புக் தலைவர் சக்கர்பேர்க்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினவை. கொம்பனி தன்ர பங்குக்கு மன்னிப்புக் கேட்டது 2020 மே மாசம்.

நான் சொல்ல வாறது இதுதான் ரீச்சர். நாட்டில இருந்த அமைப்புகள் அதுக்கு முன்னம் எவ்வளவோ தரம் சொல்லிப் பாத்தவை, காது குடுக்க ஆளில்லை. பூட்டு விழுந்தாப் பிறகு ஜனாதிபதியின்ர செயலாளரோட கொம்பனிக்காரர் கதைச்சினம், 15ஆம் திகதி பேஸ்புக் திறந்தது. ஒரு கொம்பனியைப் போனைத் தூக்கவைக்க ரெண்டு கோடிச் சனத்தின்ர போனை வெட்டவேண்டியிருந்தது. பெடியன்ர கேள்விக்கு என்ர பதில்: ரெண்டு பேராலயும் நிப்பாட்டேலும். ஆனால் கனடாவில கொம்பனி நிப்பாட்டினாலும் சரி, இஞ்ச கொழும்பு நிப்பாட்டினாலும் சரி, பியூஸ் போறது எங்கட லைனில. கலிபோர்னியாவில ஒருத்தனுக்கும் அண்டைக்கு நித்திரை கெடேல்லை.

பூட்டு எண்டது பழகினால் விடாது எண்டதையும் பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்போட திரும்பப் பூட்டினவை. 2022 ஏப்ரல் 3, அதில வெறுப்பும் இல்லை, கலவரமும் இல்லை. கோத்தபாயவுக்கு எதிராச் சனம் தெருவுக்கு இறங்கப்போகுது எண்ட பயம்தான். பாதுகாப்பு அமைச்சு கேட்டது, தொலைத்தொடர்பு ஆணைக்குழு சொன்னது, கொம்பனியள் அடைச்சவை. இப்ப பியூஸ் இழுக்கிற ஆளெல்லாம் தேவையில்லை, ஒரு அறிவுறுத்தல் போனால் போதும். ஆனால் விபிஎன் எண்டு பூட்டைச் சுத்திக்கொண்டு போற செயலி போட்டவன் போய்க்கொண்டே இருந்தான். அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்சவே, விபிஎன் இருக்கேக்க இந்தப் பூட்டால பிரயோசனமில்லை எண்டு ருவிற்றரில எழுதினார். ஒரு நாளுக்குள்ள திறந்திட்டினம்.

இதுக்கு நேர்மாறா, ரெண்டு பேரும் கலியாணம் பேசின காலமும் இருந்தது. 2015 இல கூகிள் பலூன் விட்டு நாடு முழுக்க இன்ரநெற் தரும் எண்டு அரசாங்கம் ஒப்பந்தம் போட்டது. 2016 பெப்ரவரியில ஒரு பலூன் வந்ததுதான். அது கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டம் ஒண்டுக்குள்ள இறங்கிக் கிடந்தது. பிறகு அலைவரிசைச் சிக்கலில இழுபட்டு, 2021 இல கூகிளின்ர தாய்க் கொம்பனி அந்தத் திட்டத்தையே மூடிப்போட்டுது. எங்கட அரசாங்கம் அதுக்கு ஒரு சொல்லும் சொன்னதா நான் காணேல்லை.

பனாட்டுக் கடை:

ஐயா எழுதினது அருமை. மச்சான் சொன்ன வரி விசயத்தில மட்டும் ஒரு குறுக்குக் கேள்வி, ஏனெண்டால் நான் பனாட்டும் ஒடியல் மாவும் இணையத்தில விளம்பரம் போட்டுத்தான் விக்கிறன்.

இலங்கையும் 2025 இல சட்டம் கொண்டுவந்தது, வெளிநாட்டு டிஜிட்டல் சேவையளுக்கு 18 வீத வற் வரி. ஒக்டோபர் 1 எண்டு சொல்லிப் பிறகு தள்ளிப் போட்டினம். பேப்பரில “வெளிநாட்டுக் கொம்பனியளுக்கு வரி” எண்டு தலைப்பு. அது கொம்பனிக்கு விழுகிற வரி இல்லையே! கனடா கைவிட்டது கொம்பனியின்ர வருமானத்தில கை வைக்கிற வரி. வற் எண்டது பில்லில ஏத்துறது. விளம்பரத்துக்கு நூறு ரூபா போடுறவள் நூற்றிப் பதினெட்டுக் கட்டுவாள், கொம்பனி வாங்கி அரசாங்கத்திட்டக் குடுக்கும். நூறு அவைக்கு, பதினெட்டுக் கொழும்புக்கு.

கொம்பனி மேல வரி போட்டுப் பாத்த நாடு இந்தியா. இணைய விளம்பரத்துக்கு 6 வீதம் 2016 இல தொடங்கினது. 140 கோடிச் சனம் உள்ள நாடு, அமெரிக்காவோட வர்த்தகம் பேசிற நேரம் 2025 ஏப்ரலோட அதை எடுத்திட்டுது. எங்கட நாட்டுக்கு அமெரிக்கா 44 வீதத் தீர்வை எண்டு அறிவிச்சதும் அதே ஏப்ரலிலதான், பேசிப் பேசி 20 க்கு வந்தது. இந்த நிலையில கொழும்பு ஆருக்கு வரி போடும்? எனக்குத்தான்.

நெடுந்தீவுக் காத்து:

உங்கட கதையளுக்குள்ள தீவுப்பகுதியைக் கொஞ்சம் சேருங்கோ. குறிகட்டுவானுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு, ஆர் பெரிசு எண்டதைவிட லைன் வருமோ எண்டதுதான் முதல் கேள்வி. காத்துக் காலத்தில குமுதினிப் படகு ஓடாட்டில் வங்கி, வைத்தியம், பிள்ளையின்ர விண்ணப்பப் படிவம் எல்லாம் போனுக்குள்ளதான்.

ஸ்ரார்லிங்க், அதான் இலோன் மஸ்கின்ர செய்மதி இன்ரநெற், வந்தது தெரியும்தானே. ரணில் ஜனாதிபதியாய் இருக்கேக்க 2024 மேயில பாலித்தீவில வைச்சு மஸ்கைச் சந்திச்சவர். ஓகஸ்ட்டில உரிமம் குடுத்தாச்சு. சேவை தொடங்கினது அடுத்த வருசம் யூலை 2. இடையில ஏன் இவ்வளவு சுணக்கம்? தேசியப் பாதுகாப்புக்கு எண்டு ஒரு கண்காணிப்பு டாஷ்போர்ட் கேட்டு, அது வந்தாப் பிறகுதான் விடுவம் எண்டு புது அரசாங்கம் நிண்டது. ஆட்சி மாறினது, உங்கட லைனுக்குள்ள எட்டிப் பாக்கிற ஆசை மாறேல்லை.

மற்றப் பக்கம் மஸ்க். உக்ரைன் சண்டையில, கிரைமியாக் கரையில நிக்கிற ரஷ்யக் கப்பலுகளைத் தாக்க அந்தக் கடற்பரப்பில ஸ்ரார்லிங்கைத் திறந்துவிடு எண்டு உக்ரைன் கேட்க, ஏலாது எண்டவர் அந்தாள். நல்லதோ கெட்டதோ, ஒரு தனி ஆள் கடலுக்கு மேல கோடு கீறினார். கடலில கோடு கீறிறது கடற்படையின்ர வேலை எண்டுதான் நாங்கள் இஞ்ச பழகி வைச்சிருக்கிறம்.

கொக்குவில் ரீச்சர்:

நான் கேட்டது ஒரு பிடி, நீங்கள் தந்தது ஒரு கடகம். நன்றி. லைன்மன் ஐயாவிட்ட ஒரு துணைக் கேள்வி. நீங்கள் சொன்னது எல்லாம் இவை ரெண்டு பேரும் மல்லுக்கட்டின கதை. பலூன் கதையை விடுங்கோ, அது பகிடி. மெய்யா ரெண்டு பேரும் ஒரு பக்கமா நிண்ட சம்பவம் இருக்கோ?

பழைய லைன்மன்:

இருக்கு ரீச்சர். மாவீரர் நினைவு வாற நவம்பர் மாசத்தைப் பாருங்கோ.

என்ர மருமோன் ஒருத்தன் ஒரு சமூக வலைத்தளத்தில கார்த்திகைப்பூப் படம் போட்டான். வேற ஒண்டுமில்லை, வேலியில பூத்தது, அவனே எடுத்த படம், கீழ ரெண்டு வரி. ஆபத்தான அமைப்புப் பற்றின விதி எண்டு ஒரு அறிவித்தல் வந்து கணக்கு முடங்கினது. முறையிட ஒரு பொத்தான் இருக்கு, அமத்தினால் உடனேயே பதில் வரும், அந்த வேகத்திலயே தெரியும் அதை மனிசர் வாசிக்கேல்லை எண்டு. புலிகள் தேசியப் பூ எண்ட பூ அது, தமிழ்நாட்டுக்காரருக்கு மாநிலப் பூ. இப்பத்தப் பெடியள் பேரை எழுதேக்க எழுத்துக்கு இடையில புள்ளி வைச்சு, படத்தில முகத்தை மங்கலாக்கிப் போடுகினம். செத்தவைக்கு விளக்குக் கொளுத்தவும் மெஷினை ஏய்க்கப் பழகவேண்டிக் கிடக்கு.

இது கொழும்பு கேட்டு நடக்கிறது எண்டு கன பேர் நினைக்கினம். கொழும்பு கேட்கவே தேவையில்லை. அமெரிக்கா 1997 இல புலிகளைத் தன்ர பயங்கரவாதப் பட்டியலில போட்டது. பேஸ்புக்கின்ர உள்வீட்டுப் பட்டியலை 2021 ஒக்டோபரில தி இன்ரசெப்ற் எண்ட ஊடகம் வெளியில விட்டது, அதிலயும் அந்தப் பேர் கிடக்கு. அமைப்பைப் புகழுறதுக்கும் செத்த பிள்ளையை நினைச்சு அழுகிறதுக்கும் வித்தியாசம் காண, ஊர் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும். அந்த ஆளுக்குச் சம்பளம் குடுக்கிறதைவிட மெஷினால அழிக்கிறது மலிவு.

இஞ்சாலையும் சும்மா இருக்கேல்லை. 2024 நவம்பர் முடிவில, நினைவேந்தலுக்குத் தடையில்லை எண்டு சொன்ன அதே அரசாங்கத்தின்ர காலத்தில, பழைய படங்களையும் வீடியோவையும் பேஸ்புக்கில பகிர்ந்தது எண்டு பயங்கரவாதத் தடைச் சட்டத்தில ஆக்களைப் பிடிச்சவை. வலைத்தளம் அழிக்கும், பொலிஸ் பிடிக்கும். ஒருத்தரை ஒருத்தர் கேட்காமலே ரெண்டும் ஒரு திசையில நடக்குது.

இதோட நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை வைச்சுப் பாருங்கோ. 2024 ஜனவரி 24 நாடாளுமன்றத்தில நிறைவேறினது, ஆதரவா 108, எதிரா 62. ஜனாதிபதி நியமிக்கிற அஞ்சு பேர் ஆணைக்குழு, பதிவொண்டை 24 மணித்தியாலத்துக்குள்ள எடு எண்டு சொல்லலாம். அதுக்கு கூகிள், மெற்றா, அமேசன் எல்லாம் சேர்ந்த ஆசிய இணையக் கூட்டமைப்பு எதிர்ப்புத் தெரிவிச்சது. டிஜிட்டல் பொருளாதாரம் வளராது, முதலீடு வராது எண்டெல்லாம் சொன்னவை. நல்லது, எதிர்த்தது நல்லது. ஆனால் சட்டம் தங்கட கழுத்தில விழேக்க வந்த அந்தச் சத்தம், எங்கட வேலிப்பூவை எடுக்கேக்க ஆரிட்டயும் வரேல்லையே.

ஸ்காபரோ மச்சான்:

ஐயா சொன்னதுக்கு ஒரு படம் இருக்கு ரீச்சர், வகுப்பில காட்டுங்கோ. 2025 ஜனவரி 20, ட்ரம்ப் பதவியேற்பு. சக்கர்பேர்க், அமேசன் பெசோஸ், கூகிள் சுந்தர் பிச்சை, மஸ்க் எல்லாம் வரிசையா நிக்கினம், அமைச்சராகப் போறவை அவைக்குப் பின்னால. ஆர் பெரிசு எண்ட கேள்விக்கு வொஷிங்ரனில அண்டைக்கு இருந்த நிலைமை அதுதான்.

இன்னொரு விசயமும் உங்கட பெடியளுக்குப் பிடிக்கும். அவுஸ்திரேலியா 2021 இல கனடா மாதிரியே செய்திக்குக் காசு கேட்க, பேஸ்புக் செய்தியைப் பூட்டினது, வானிலை அறிவிக்கிற அரசாங்கப் பக்கமும் சேர்ந்து போச்சு. சில நாளில ரெண்டு பேரும் பேசி, சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தித் திறந்தவை. அதே அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 இல இருந்து 16 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளுக்குச் சமூக வலைத்தளக் கணக்கு இல்லை எண்டுபோட்டுது. இந்த முறை கொம்பனியள் முணுமுணுத்துக்கொண்டு கணக்குகளை மூடினவை. அப்ப அரசாங்கம் மனம் வைச்சால் முடியும்தானே?

கொக்குவில் ரீச்சர்:

அதைச் சொன்னால் என்ர வகுப்பு கை தட்டும், அவைக்கு 16 தாண்டியாச்சு. தம்பி தங்கச்சிமாருக்குத்தான் வில்லங்கம். ஆனால் உடனே அடுத்த கேள்வி வரும்: இஞ்ச அப்பிடி வந்தால் வயசை எப்பிடிப் பாப்பினம்?

பழைய லைன்மன்:

அங்கதான் சுத்துது ரீச்சர். எங்கட நாட்டில அடையாள அட்டை 15 வயசில இருந்துதான். அப்ப 14 வயசுப் பிள்ளை எதைக் காட்டும்? தாய் தகப்பன்ர அட்டையையோ? அவுஸ்திரேலியாச் சட்டத்தில, அரசாங்க அடையாளத்தை மட்டும்தான் தரவேணும் எண்டு கொம்பனி கேக்கேலாது, வேற வழியும் வைக்கவேணும் எண்டு கிடக்கு. அதால முகத்தைக் கமராவில பாத்து வயசு மதிக்கிற வழியும் வைச்சிருக்கினம். இஞ்ச டிஜிட்டல் அடையாள அட்டை வேலை இந்தியாவின்ர உதவிக் காசில நடக்குது, கைரேகையும் கண்ணும் சேர்த்து. தரவுப் பாதுகாப்புக்கு எண்டு 2022 இன் 9ஆம் இலக்கச் சட்டமும் இருக்கு.

பெடியனிட்ட இதைக் கேளுங்கோ: தம்பியின்ர முகத்தைக் கொம்பனிக்குக் காட்டச் சம்மதமோ, இல்லாட்டில் கைரேகையைக் கொழும்பு வைச்சிருக்கச் சம்மதமோ? எதை எடுத்தாலும் ஏன் எண்டு அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கோ. பதிலை இஞ்ச போட்டால் நானும் வாசிப்பன்.